ஒரு லோடு போதும், ஆனால் எங்கே கொட்டுவீர்கள்?

மதுராந்தகத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் செப்டிக் டேங்க்தான். எங்கள் டேங்க் நிறைந்துவிட்டதை முதலில் கண்டுபிடித்தது மாமியார். “தண்ணி ஊத்தினா உள்ளே யாரோ வாய் கொப்பளிக்கிற மாதிரி சத்தம் வருது” என்றார். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்துவிட வேண்டும் என்பார்கள். நாங்கள் எடுத்து ஏழு வருடம் ஆகியிருந்தது.

போன முறை வந்த லாரிக்காரர் 1,200 ரூபாய்க்கு அரை மணியில் முடித்துக் கொடுத்தார். பரம திருப்தி. நாலு நாள் கழித்து விடியற்காலையில் பால் வாங்கப் போன என் கணவர், ஏரிக்குப் போகும் கால்வாயில் அதே வண்டி குழாயைத் தொங்கவிட்டு நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தார். நம் வீட்டதும் அங்கேதானே போயிருக்கும்? உடைய இருந்த கரையை எங்கள் ஊர்க் கோயில் ஏரி காத்த ராமர் காத்தார், சரி. இருட்டில் வரும் லாரியையும் அவரே நின்று பார்க்க முடியுமா?

அதனால் இந்த முறை மூன்று பேரிடம் விசாரித்தேன். முதல் ஆள் வீட்டைக்கூடப் பார்க்காமல் “ரெண்டு லோடு ஆகும்” என்றார். எங்கள் டேங்க் எட்டடி நீளம், ஐந்தடி அகலம், ஐந்தடி ஆழம். 200 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம் என்றால் 5,700 லிட்டர்கூட வராது. அவர் வண்டியோ 6,000 லிட்டர்! இரண்டாமவரிடம் எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டேன். “அதெல்லாம் உங்களுக்கு எதுக்குக்கா?” என்றார். போனை வைத்துவிட்டேன்.

மூன்றாமவர் யோசிக்காமல் “கருங்குழி” என்றார். பக்கத்து ஊர்தான். தமிழ்நாட்டின் முதல் கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017-இல் அங்கேதான் வந்தது. லாரி கொண்டுவருவதில் தண்ணீரைப் பிரித்துத் தனியாகச் சுத்தம் செய்கிறார்கள், கெட்டிக் கசடைப் படுகையில் பரப்பிக் காய வைக்கிறார்கள். இவ்வளவு பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு கால்வாயில் ஊற்றுகிறவர்களை என்னவென்று சொல்வது?

காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன வண்டி ஒன்றரைக்கு வந்தது. சாம்பாரைத் தாளித்து இறக்கிய நேரம். ஜன்னலையெல்லாம் சாத்தியும் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. குழாய் இணைப்பில் கசிவு வேறு. வாசலில் சிந்தியதைச் சொல்லாமலே கழுவிவிட்டார்கள் என்பதால் அதை மன்னித்தேன். உதவிக்கு வந்த பையன் பூட்ஸ் போட்டிருந்தான், கையுறை மட்டும் வண்டிக்குள்ளேயே இருந்தது. கேட்டதும் சிரித்துக்கொண்டே போய் எடுத்து வந்தான்.

மூடியைத் திறந்ததும் உடனே வேலையைத் தொடங்கவில்லை. “வாயு போகட்டும்கா, பத்து நிமிஷம் யாரும் கிட்ட வராதீங்க” என்றார் டிரைவர். அப்புறம் மேலே இருந்ததை வண்டி இழுத்துவிட்டது. அடியில் இறுகிக் கிடந்தது அசையவில்லை. வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியவர், “ஆளை இறக்கி வாரிட வேண்டியதுதானே, கூட முந்நூறு கொடுத்தா ஆச்சு” என்றார். டிரைவர் முகம் மாறிவிட்டது. “எவ்வளவு கொடுத்தாலும் எங்க ஆள் இறங்க மாட்டான் பெரியவரே” என்றார். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி ஆளை இறக்கி வேலை வாங்குகிறவரும் குற்றவாளிதான், அது பெரியவருக்குத் தெரியாது. மேலே நின்றபடியே தண்ணீரைப் பீய்ச்சி, நீளக் கம்பால் கலக்கி, மறுபடி இழுத்தார்கள். கூடுதலாக முக்கால் மணி நேரம் ஆனது. கொஞ்சம் கசடை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள், அதிலிருக்கும் கிருமிகள்தான் மறுபடி வேலையைத் தொடங்குமாம்.

மொத்தம் 2,000 ரூபாய். பில் கேட்டுத்தான் வாங்கினேன். இந்த முறையும் என் கணவர் “பால் வாங்கிட்டு வரேன்” என்று வண்டியை எடுத்துக்கொண்டு லாரியின் பின்னாலேயே போனார். மூன்று மணிக்கு என்ன பால்? திரும்பி வந்தவர், “கருங்குழிக்குள்ளதான் போச்சு” என்றார்.

நேரம் தவறியதற்கும் கையுறைக்கும் சேர்த்து ஒரு நட்சத்திரம் குறைத்து, ஐந்துக்கு நான்கு. அடுத்த முறையும் இவர்களைத்தான் கூப்பிடுவேன், ஆனால் அன்றைக்குச் சமையல் கிடையாது. ஆள் தெரியாதவர்களுக்கு 14420 என்ற அரசு உதவி எண் இருக்கிறது.

அப்புறம், மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டாதீர்கள். நாங்கள் ஒட்டி, லாரி வருமுன் கொத்தனாரைக் கூப்பிட்டு உடைத்தோம். அதற்கு ஆன செலவு தனி. இப்போது அங்கே செம்பருத்தித் தொட்டி இருக்கிறது.