200 மில்லிமீட்டர் உயரத்தின் விலை: சுங்கை சிப்புட் சாலைகளில் பெரோடுவா அத்திவா

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) எங்கள் வரிசையில் மட்டும் பதினான்கு வீடுகள் உள்ளன. அவற்றுள் ஆறு வீட்டு வாசல்களில் இன்று எஸ்யூவி நிற்கிறது. பத்தாண்டுகளுக்கு முன்பு அதே வாசல்களில் சாகா, மைவி போன்ற உள்நாட்டுச் சிறிய கார்கள்தான் நின்றன. இந்த ஆறு கார்களில் ஒன்றுகூட இதுவரை காட்டுக்குள் போனதில்லை, போகப்போவதும் இல்லை. அவை போவதெல்லாம் தமிழ்ப்பள்ளிக்கும், சந்தைக்கும், கோயிலுக்கும், ஈப்போவில் உள்ள வேலைக்கும்தான். அந்த ஆறில் ஒன்று என்னுடையது என்பதால், அடுத்தவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இரண்டரை ஆண்டுகளில் 41,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, எதற்காகப் பணம் கொடுத்தேன், அதில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்று கணக்குப் பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என்னுடையது பெரோடுவா அத்திவா. ஜப்பானிய டைஹாட்சு நிறுவனத்தின் ராக்கி காரை அடிப்படையாகக் கொண்டு 2021 மார்ச் 3 அன்று மலேசியாவில் அறிமுகமான இந்தக் காரின் தொடக்க விலை, காப்புறுதி நீங்கலாக, 61,500 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 72,000 வெள்ளி வரை இருந்தது. ஒரு லிட்டர் கொள்ளளவு கொண்ட மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின், முன்சக்கர இயக்கம், தரையிலிருந்து 200 மில்லிமீட்டர் இடைவெளி. முன்சக்கர இயக்கம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால், நான் வாங்கப் போன இடத்தில் விற்பனையாளர், "சார், இது செம்பனைக் காட்டுக்குள்ளேயே போகும்" என்று சிரித்த முகத்துடன் சொன்னார். போகும்தான், மழை பெய்யாத நாளில். மழை பெய்த செம்மண் பாதையில் ஒரு மைவி எங்கே சிக்குமோ, ஏறத்தாழ அதே இடத்தில் இதுவும் சிக்கும். சேற்றில் இழுவை தருவது டயரும் நான்கு சக்கர இயக்கமுமே அன்றி உயரம் அல்ல. உயரம் செய்யக்கூடியது ஒன்றுதான்: காரின் அடிவயிறு கல்லில் இடிக்காமல் காப்பது. 1998-இல் இதே நிறுவனம் வெளியிட்ட கெம்பாரா நான்கு சக்கரங்களாலும் இயங்கியது. அதை வைத்திருந்தவர்கள் அத்திவாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதில் நியாயம் இருக்கிறது.

அப்படியானால் எதற்காக இந்த உயரம்? என் வீட்டைப் பொறுத்தவரை விடை, என் அம்மாவின் முழங்கால். முப்பது ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிய கால்கள் அவை. பழைய காரில் அவர் ஏறுவது ஒரு சடங்கு போல நடக்கும்: முதலில் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு இருக்கையில் விழுவார், அதன் பிறகு கால்களைக் கையால் தூக்கி ஒவ்வொன்றாக உள்ளே வைப்பார். இறங்குவது அதைவிடக் கடினம். என் தோளைப் பிடித்துத் தொங்கித்தான் எழுவார். சாதாரண காரில் நாம் இருக்கைக்கு இறங்கிப்போகிறோம். லாரியிலோ பெரிய ஜீப்பிலோ ஏறிப்போகிறோம். இந்தச் சிறிய எஸ்யூவிகளில் இருக்கையின் விளிம்பு, நடுத்தர உயரமுள்ள ஒருவரின் இடுப்புக்குச் சற்றுக் கீழே அமைந்துவிடுவதால், ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். பக்கவாட்டில் உட்கார்ந்து திரும்பினால் போதும். முதல் நாள் அம்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இப்பதான்யா மனுசி மாதிரி காடியில உக்கார்றேன்" என்றார். காரைப் பற்றிய விளம்பரங்கள் மலையுச்சியையும் கடற்கரையையும் காட்டுகின்றன. எங்கள் ஊரில் எஸ்யூவி வாங்கியவர்களைக் கேட்டால், பாதிப் பேர் முழங்காலைப் பற்றியும் இடுப்பைப் பற்றியும்தான் பேசுவார்கள்.

இரண்டாவது காரணம் எங்கள் சாலைகள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குச் செல்லும் கூட்டரசுச் சாலையில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரத்தை எந்தக் காரிலும் நிம்மதியாகக் கடக்கலாம். சிக்கல், லிந்தாங் பக்கம் போகும்போதும், தோட்டங்களுக்குள் திரும்பும்போதும் தொடங்குகிறது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் நாள்தோறும் ஓடி ஓடித் தாரின் ஓரத்தைக் கடித்துத் தின்றுவிட்டன. எதிரே லாரி வந்தால் இடப்பக்கச் சக்கரங்களைத் தாரிலிருந்து மண்ணுக்கு இறக்கியே ஆக வேண்டும். அந்த விளிம்பில் பழைய காரின் அடிப்பகுதி உரசும் ஓசையைக் கேட்டு எத்தனையோ முறை பல்லைக் கடித்திருக்கிறேன். தாமான்களில் குடியிருப்பாளர்களே சிமெண்டைக் கொட்டி எழுப்பிய வேகத்தடைகள் வேறு. அவற்றைக் கட்டியவர்கள் கார் என்ற ஒன்றையே பார்த்ததில்லையோ என்று தோன்றும். இந்த இரண்டிலும் அத்திவாவின் 200 மில்லிமீட்டர் முழுமையாக உதவுகிறது. இந்த இரண்டரை ஆண்டுகளில் அடிப்பகுதி ஒருமுறைகூட உரசவில்லை.

வெள்ளத்தில் அந்த உயரத்தை நம்பக் கூடாது. தரை இடைவெளி என்பது கார் கடக்கக்கூடிய நீரின் ஆழம் அல்ல. ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் உயர்ந்தாலே சிறிய கார்களைத் தூக்கி நகர்த்திவிடும். எஸ்யூவி என்ற பெயர் தண்ணீருக்குத் தெரியாது.

மூன்றாவது காரணத்தை யாரும் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு உயரமான வண்டி என்றால் அது துரையின், அதாவது தோட்ட நிர்வாகியின், வண்டிதான். லேண்ட் ரோவர் பிரிட்டனில் 1948-இல் பிறந்தது. பிறகு வந்த ஆண்டுகளில் அது மலாயாத் தோட்டங்களின் செம்மண் பாதைகளில் துரையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அது வந்தால் மிதிவண்டியில் பால் வாளியுடன் போகிறவர்கள் ஓரம் ஒதுங்கி நிற்பார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். தோட்ட எழுத்தரான கிராணிக்குக்கூட அதில் முன்னிருக்கை எளிதில் கிடைக்காதாம். அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் இன்று ஆசிரியராகவும் தொழில்நுட்பராகவும் ஆகி, ஒன்பது ஆண்டுத் தவணையில் ஓர் உயரமான வண்டியை வாங்கித் தாங்கள் பிறந்த லயத்தின் பக்கம் ஓட்டிப்போகும்போது, அந்த மகிழ்ச்சியை வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் அந்த மகிழ்ச்சிக்கும் மாதத் தவணை உண்டு என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஓட்டும் அனுபவத்துக்கு வருகிறேன். டர்போ எஞ்சினின் பலம் அதன் எண்களில் அல்ல, அந்த எண்கள் கிடைக்கும் இடத்தில்தான் இருக்கிறது. 98 குதிரைத்திறன் பெரிதல்ல; ஆனால் 140 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை நிமிடத்துக்கு 2,400 சுழற்சியிலேயே கிடைத்துவிடுகிறது. 1.5 லிட்டர் மைவி ஏறத்தாழ அதே விசையைத் தருவதற்கு 4,000 சுழற்சிக்கு மேல் போக வேண்டும். கோலகங்சாரிலிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கப்பாதையை நோக்கி ஏறும் நீண்ட ஏற்றத்தில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்: நான்கு பேரை ஏற்றிக்கொண்டும் எஞ்சினை அலறவிடாமல் ஏறலாம். மூன்று சிலிண்டர் எஞ்சின்களுக்கே உரிய மெல்லிய அதிர்வு, சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது காலடியில் தெரியும். எனக்கு அது பழகிவிட்டது. என் மனைவிக்குப் பழகவில்லை.

வளைவுகளில் மட்டும் உயரத்துக்கு அபராதம் கட்டியாக வேண்டும். ஈர்ப்பு மையம் மேலே போகப்போக வண்டி வெளிப்புறமாகச் சாயும். இது எந்த நிறுவனமும் தப்ப முடியாத இயற்பியல். வண்டி சறுக்காமல் காக்கும் நிலைப்புக் கட்டுப்பாடும் ஆறு காற்றுப் பைகளும் எல்லா ரகங்களிலும் உண்டு, ஆசியான் என்கேப் என்ற மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரமும் பெற்றிருக்கிறது. எனவே பாதுகாப்பைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஆனாலும் மைவியில் 80-இல் எடுத்த ஒரு வளைவை இதில் 70-இல் எடுக்கிறேன். உயர்ந்த முகப்பின் காரணமாக, வண்டிக்கு நேர் முன்னால் நிற்கும் சிறு குழந்தை ஓட்டுநரின் கண்ணுக்கு மறைந்துவிட வாய்ப்பு அதிகம். பள்ளி முடியும் நேரத்தில் வாசலில் காரை எடுக்கிறவர்கள், முன்னால் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு ஏறுவது நல்லது. 'உயரத்தில் உட்கார்ந்தால் சாலை நன்றாகத் தெரியும்' என்பதும் பாதி உண்மைதான். முன்னால் போவதும் எஸ்யூவி என்றால் அதன் பின்கதவுதான் தெரியும். குலை லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் எந்த உயரமும் உதவாது.

செலவில் ஓர் இனிய வியப்பு, சாலை வரி. எஞ்சின் 998 சிசி என்பதால் தீபகற்பத்தில் ஆண்டுக்கு 20 வெள்ளி மட்டுமே; 1.5 லிட்டர் மைவிக்கு 90 வெள்ளி. எரிபொருளில் நிறுவனம் சொல்வது லிட்டருக்கு 18.9 கிலோமீட்டர். என் குறிப்பேட்டின்படி ஈப்போ போய்வரும் நாள்களில் 16, ஊருக்குள்ளேயே சுற்றும் வாரங்களில் 13. அகன்ற முகத்தோடு காற்றைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டிக்கு இது மோசமில்லை. 2025 செப்டம்பர் இறுதியில் ரோன்95 பெட்ரோல் குடிமக்களுக்கு லிட்டர் 1.99 வெள்ளி என்று ஆனபோது, 36 லிட்டர் தொட்டியை நிரப்ப 72 வெள்ளிக்கும் குறைவாகவே ஆனது. டயரில்தான் கை சுட்டது. மேல் ரகங்களுக்கு 17 அங்குலச் சக்கரம். நான்கு டயர்களையும் மாற்றிய அன்று, ஊரில் உள்ள ஒரு கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு இரண்டை மட்டும் மாற்றலாமா என்று யோசித்தேன். 16 அங்குலச் சக்கரமுள்ள அடிப்படை ரகமே எங்கள் சாலைகளுக்குப் பொருத்தமானது என்பது அப்போது உறைத்தது. டயரின் பக்கச்சுவர் தடித்திருந்தால் குழிகளின் அடியும் குறைவாகவே தெரியும்.

பொருள் வைக்கும் இடத்தைப் பற்றி நான் சொல்வதைவிட என் தம்பியின் முடிவே நன்றாகச் சொல்லும். போன ஆண்டு அவனும் கார் தேடினான். இந்த அத்திவாவை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தான். அவன் வீட்டில் முழங்கால் வலியுள்ளவர் யாரும் இல்லை, அவன் போகும் வழியெல்லாம் நல்ல தார்ச்சாலை, வார இறுதிகளில் விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் தொழில் வேறு. இரண்டு பெரிய அண்டாக்களைப் பின்னால் வைத்துக் கதவை மூட முடியாமல் பின்னிருக்கையை மடக்கினான். மடக்கியதும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இடமில்லை. ஒரு வாரம் கழித்துச் சாவியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, 508 லிட்டர் பின்பெட்டியுள்ள பெரோடுவா பெஸ்ஸா செடான் காருக்கு முன்பணம் கட்டினான். அவன் தேர்வு சரிதான் என்று அவனிடமே சொன்னேன். எங்கள் இரு கார்களுக்குமிடையே இருந்த விலை வேறுபாட்டில் அவன் ஒரு பெரிய எரிவாயு அடுப்பு வாங்கிக்கொண்டான். அம்மாவைப் பார்க்க வரும்போது மட்டும், அவரை வெளியே அழைத்துப் போவதற்கு என் கார்ச் சாவியைக் கேட்பான்.