வாசாவா, ஸ்கான்சனா?

ஸ்டாக்ஹோமில் அரை நாள்தான் கையில் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், வாசா அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணம் கிளம்பி, துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் காற்றில் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கித் துவாரங்கள் வழியே தண்ணீர் புகுந்து மூழ்கிய போர்க்கப்பல் அங்கே முழுசாக நிற்கிறது. 333 வருடம் கழித்து, 1961இல்தான் மேலே தூக்கினார்கள். மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவுக்கு பால்டிக் கடலின் உப்புக் குறைந்த தண்ணீர் ஒத்துவராது, அதனால்தான் இத்தனை காலம் தாங்கியது. இன்று நாம் பார்ப்பதில் ஏறக்குறைய 98 சதவீதம் பழைய மரமே. உள்ளே வெளிச்சம் மங்கல். கண் பழகியதும் பின்பக்கச் சிங்கங்களின் பிடரி மயிர்வரை உளி பட்ட இடம் தெரியும், அங்கேயே நின்றுவிடுவீர்கள்.

ஸ்கான்சன் அங்கிருந்து நடக்கிற தூரம்தான், ஆனால் அதற்கு நேரம் வேண்டும். ஆர்தூர் ஹசேலியஸ் 1891இல் தொடங்கிய திறந்தவெளி அருங்காட்சியகம் அது; நாட்டின் பல மூலைகளிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கண்ணாடி ஊதுபவரின் குழல் நுனியில் ஆரஞ்சு உருண்டை மெல்ல ஜாடியாவதைப் பார்க்கலாம், எல்க் மானும் கரடியும் உண்டு. சின்னப் பிள்ளைகளோடு கோடையில் போகிறீர்களா, அப்படியானால் என் ஓட்டு இதற்குத்தான். மழை, குளிர் என்றால் சரி, கப்பலுக்கே திரும்புங்கள்.