டிரைவரே போடாத பிரிண்டர்: டெபியனில் சில வருஷ அனுபவம்

வீட்டு முன்னறையில் டிடிபி வேலை செய்கிறோம். கணினிகள் எல்லாமே டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுபவை. எல்லோருக்கும் பொதுவாக வைஃபையில் ஒரே ஒரு கறுப்பு-வெள்ளை லேசர் பிரிண்டர். டெபியன் 11 வெளிவந்த 2021இலிருந்து இந்த ஏற்பாடுதான் ஓடுகிறது. "லினக்ஸ்ல பிரிண்டர் படுத்துமே" என்று இன்னும் பலர் கேட்கிறார்கள். படுத்தியது உண்மை. ஆனால் அதில் முக்கால்வாசி ரௌட்டர் செய்த வேலை.

இதற்கு முன் இருந்த பிரிண்டருக்கு நிறுவனமே ஒரு டிரைவர் (கணினி பிரிண்டரை இயக்க உதவும் மென்பொருள்) கொடுத்திருந்தது. 32-பிட்டுக்காகக் கட்டிய பழைய தொகுப்பு. டெபியனை மேம்படுத்தும்போதெல்லாம் அதனோடு மல்லுக்கட்ட வேண்டும். இப்போதைய பிரிண்டருக்கு எதையும் நிறுவவில்லை. அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் மென்பொருளே போதுமாக இருக்கிறது. மைக்கேல் ஸ்வீட் உருவாக்கிய கப்ஸை 2007இல் ஆப்பிள் வாங்கியது. மேக்கில் ஓடுவதும் இதுதான். 2019 இறுதியில் அவர் ஆப்பிளிலிருந்து விலகினார். லினக்ஸுக்கான கப்ஸ் இப்போது ஓப்பன்பிரிண்டிங் குழுவில் வளர்கிறது. ஐபோனிலிருந்து அச்சிடுவதற்காக 2010இல் வந்த ஏர்பிரிண்ட் முறையால் நமக்கும் லாபம். எந்தத் தாள் அளவு, இருபக்கம் வருமா, எத்தனை டிபிஐ (அச்சின் நுணுக்கம்) என்பதையெல்லாம் பிரிண்டரே கேட்பவரிடம் சொல்லிவிடுகிறது. அப்புறம் டிரைவர் எதற்கு?

நிறுவும் வேலை பெரிதில்லை. பிரிண்டரை வைஃபையில் சேர்த்ததுமே அச்சுப் பட்டியலில் அதன் பெயர் தானாக வந்து நிற்கும். ஆனாலும் நான் அதை நம்பி விடவில்லை. பிரவுசரில் கப்ஸின் அமைப்புப் பக்கத்துக்கு (லோக்கல்ஹோஸ்ட், 631 போர்ட்) போய், பிரிண்டரின் ஐபி முகவரியைக் கொடுத்து நிரந்தரமாக ஒரு அச்சு வரிசை (அந்தப் பிரிண்டருக்கான பதிவு) சேர்த்தேன். மாடல் கேட்கும் இடத்தில் 'ஐபிபி எவ்ரிவேர்' (டிரைவர் இல்லாமல் அச்சிடும் பொது முறை) என்று தேர்ந்தெடுத்தேன். தானாக வருவது, பிரிண்டர் நெட்வொர்க்கில் பொதுவாக அனுப்பும் மல்டிகாஸ்ட் அறிவிப்பை நம்பியிருக்கிறது. சில ரௌட்டர்கள் அதைக் கடத்தாமல் விழுங்கிவிடும். அன்றைக்கு யாராவது அவசரமாகப் புரூஃப் கேட்டு வாசலில் நிற்பார்கள்.

முகவரியைக் கொடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கரண்ட் போய் வந்தால் ரௌட்டர் பிரிண்டருக்கு வேறு ஐபி கொடுத்துவிடலாம். அதனால் ரௌட்டருக்குள் போய், பிரிண்டரின் மேக் முகவரிக்கு (அந்தக் கருவிக்கே உரிய வன்பொருள் எண்) ஒரே ஐபியை ஒதுக்கிவிட வேண்டும். எங்களுக்குப் பெரிய நிம்மதி தந்தது இந்த ஒரு மாற்றம்தான். இன்னொன்று: அச்சிடும்போது பிரிண்டர் கைக்கு எட்டாவிட்டால் கப்ஸ் அந்த வரிசையையே நிறுத்திவிடும். பிரிண்டர் திரும்ப வந்தாலும் வரிசை தானாக எழுந்துகொள்ளாது. பச்சை விளக்கு எரியும், தாள் வராது. டெர்மினலில் எல்பிஸ்டாட் அடித்துப் பார்த்தால் விஷயம் தெரியும். பிழை வந்தால் என்ன செய்வது என்ற அமைப்பை 'வேலையை மறுபடி முயற்சி செய்' என்று மாற்றியபின் கரண்ட் வந்த கொஞ்ச நேரத்தில் தானே அச்சாகிவிடுகிறது. இதை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

தாள் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கேயாவது ஒரு இடத்தில் 'லெட்டர்' (அமெரிக்கத் தாள் அளவு) என்று இருந்துவிட்டால், தட்டு நிறைய ஏ4 வைத்துக்கொண்டு பிரிண்டர் தாள் கேட்டு மின்னிக்கொண்டே இருக்கும்.

தமிழ் அச்சில் புகார் இல்லை, பிடிஎஃப் ஆக்கி அனுப்பும் வரை. எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்துவிடுவதால் யூனிகோடோ பழைய பாமினி எழுத்துருவோ, திரையில் கண்டதுதான் தாளிலும். வெறும் டெக்ஸ்ட் கோப்பை அச்சுக்கு அனுப்பும் எல்பி கமாண்டுக்கு நேராகக் கொடுத்தால்தான் கொம்பும் காலும் உருப்படாது. அதற்கு பாப்ஸ் என்ற சின்ன நிரலை நடுவில் விட வேண்டும். எழுத்துகளை அமைக்கும் பாங்கோ நிரலகத்தைப் பயன்படுத்துவதால் அது உயிர்மெய்களைச் சரியாக அமைக்கிறது. நான் பெரும்பாலும் லிப்ரெஆஃபீஸில் திறந்து பிடிஎஃப் எடுத்துவிடுகிறேன். சோம்பேறி வழி, ஆனால் தப்பாது.

2024 செப்டம்பரில் நெட்வொர்க்கில் பிரிண்டர்களைத் தேடிச் சேர்க்கும் கப்ஸ்-பிரவுஸ்ட் என்ற துணைச் சேவையில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதை பாதுகாப்பு ஆய்வாளர் சிமோனே மார்கரிடெல்லி வெளியிட்டார். யுடிபி 631இல் யார் அனுப்பினாலும் அது கேட்டுக்கொண்டிருந்தது. திருத்தம் வந்தது. நிரந்தர வரிசை இருந்ததால் நான் அந்தச் சேவையையே நீக்கிவிட்டேன். அச்சில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பட்டியலில் ஒரே பிரிண்டர் இரண்டு பெயரில் வந்து குழப்பியதும் குறைந்தது.

பிரிண்டரோடு உள்ள ஸ்கேனரும் சேன்-ஏர்ஸ்கேன் என்ற மென்பொருள் வழியாக டிரைவர் இல்லாமலே வேலை செய்கிறது. வேகம் சுமார்தான். டோனர் அளவை கப்ஸ் பக்கம் காட்டும். அந்த எண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை, எழுத்து வெளுத்தால்தான் மாற்றுகிறேன்.

புதிதாக வாங்குவதாக இருந்தால் கடையில் லினக்ஸுக்கு ஒத்துவருமா என்று கேட்டுப் பயனில்லை, பெரும்பாலும் தெரியாது என்பார்கள். ஏர்பிரிண்ட் உண்டா, வைஃபையோ லேன் வசதியோ உண்டா என்று கேளுங்கள். பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். அது இல்லாத, யுஎஸ்பி மட்டும் கொண்ட மலிவு மாடல் ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.