எலியட்டின் 9 கோடி டாலரும் போலார்டின் நான்காம் சுற்றும்: கவ்பாய்ஸுக்கு இனி எப்படிப்பட்ட ரன்னிங் பேக்?

2023 ஜனவரி 22. சான்டா கிளாராவில், அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்-இல், டாலஸ் கவ்பாய்ஸும் சான் ஃபிரான்சிஸ்கோ 49-அர்ஸும் மோதிய பிளேஆஃப் ஆட்டம். முதல் பாதி முடிவதற்குள், பந்தை ஏந்தி ஓடும் கவ்பாய்ஸ் ரன்னிங் பேக் டோனி போலார்டுக்குக் கால் எலும்பு முறிந்தது. அதோடு அவர் மைதானத்துக்குத் திரும்பவில்லை. 19-12 என்று பின்தங்கி, நேரமும் தீர்ந்துபோன நிலையில், கடைசி நகர்வுக்கு இன்னொரு ரன்னிங் பேக்கான எசகியல் எலியட்டை, ஸ்னாப் செய்யும் சென்டர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். குனிந்து பந்தைப் பின்னால் தள்ளிய மறுகணமே எதிரணி லைன்பேக்கர் அவரை மல்லாக்கச் சாய்த்துவிட்டார். அவரை நட்சத்திரமாக்கிய அந்த ஏழு ஆண்டுகளின் கடைசி ஸ்னாப் அதுதான். இரண்டு முறை லீகிலேயே அதிக கெஜம் ஓடியவருக்கு இப்படியொரு விடை கிடைத்ததை இன்று நினைத்தாலும் மனசு கனக்கிறது.

மார்ச்சில் எலியட்டை விடுவித்தார்கள். என் மகன் அப்போது எட்டு வயது, 21-ஆம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, "அப்பா, ஏன்ப்பா அவரை அனுப்பிட்டாங்க?" என்று கேட்டான். அவனுக்கு அன்று சரியான பதில் சொல்ல முடியவில்லை. இந்த அலசலை அந்தப் பதிலாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு இதில் சொந்தக் கணக்கும் உண்டு. நண்பர்கள் பன்னிரண்டு பேர், நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணிகள் அமைக்கும் ஒரு ஃபேன்டஸி லீக் நடத்துகிறோம். வீரர்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தம், மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு, பாதியில் விட்டால் மீதிக்கு அபராதம் என்று நிஜ லீகின் விதிகளை முடிந்தவரை வைத்திருக்கிறோம். 2019-இல் கவ்பாய்ஸ் செய்ததையே நானும் செய்தேன்: எலியட்டுக்கு ஐந்து வருடம், பெரிய தொகை. அந்தக் காயம் ஆறியபின் வேறு வழிக்கு மாறினேன். கவ்பாய்ஸ் ரன்னிங் பேக் ஜாவோன்டே வில்லியம்ஸின் ஒரு வருட ஒப்பந்தம் முடிவை நெருங்கிய 2026 ஜனவரியில், கவ்பாய்ஸ் முன்னாலும் அதே கேள்வி நின்றது.

வழிகள் நான்கு. கையில் இருக்கும் நட்சத்திரத்துக்கு இரண்டாவது பெரிய ஒப்பந்தம் கொடுப்பது. புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் ஒருவரை எடுப்பது. வெளியிலிருந்து அனுபவசாலி ஒருவரைக் குறுகிய காலத்துக்குக் கூட்டிவருவது. கடைசியாக, நடுச் சுற்றுகளில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒருவரை எடுத்து, இருவரை மாற்றி மாற்றி ஓடவிட்டு, நான்கு வருடம் முடிந்ததும் வழியனுப்புவது. நான் கடைசி வழிக்காரன், அதை மறைக்கவில்லை.

இருபத்தெட்டு வயதுக்கு மேல் கால் தளரும், முன்னால் நின்று வழி திறக்கும் நல்ல லைன் இல்லாவிட்டால் யாரும் ஓட முடியாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அடிக்கடி விட்டுப்போவது ஒன்று உண்டு: அந்த வீரர் போகிற நாளில் நமக்கு என்ன செலவு? ரன்னிங் பேக் விஷயத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கட்சி.

எலியட்டையே எடுத்துக்கொள்வோம். 2016 டிராஃப்டில் நான்காவது ஆள். முதல் ஆண்டில் 322 முறை பந்தேந்தி 1,631 கெஜம். அந்த நவம்பரில் பிட்ஸ்பர்கில் ஒன்பது வினாடி பாக்கி இருக்கும்போது நடுவே பிளந்துகொண்டு 32 கெஜம் ஓடி ஆட்டத்தை முடித்தாரே, அதைப் பார்த்த யாரும் அவரை எடுத்தது தப்பு என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டுக்கும் அது முதல் வருடம். எலியட் இல்லாமல் 13 வெற்றி, 3 தோல்வி என்ற கணக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

தப்பு 2019-இல் நடந்தது. அந்தக் கோடையில் எலியட் பயிற்சி முகாமுக்கு வராமல் மெக்சிகோவில் உட்கார்ந்துகொண்டார். செப்டம்பரில் ஆறு ஆண்டு நீட்டிப்பு, 9 கோடி டாலர், அதில் 5 கோடி உத்தரவாதம். இதில் பலர் மறந்துவிட்ட ஒன்று: பழைய ஒப்பந்தத்தில் அவருக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருந்தது. 2019-க்கு 38.5 லட்சம், அணி விரும்பினால் நீட்டிக்கும் ஐந்தாம் ஆண்டு ஆப்ஷனாக 2020-க்குச் சுமார் 91 லட்சம். இரண்டும் சேர்த்தால் 1.3 கோடியை ஒட்டித்தான் வரும். 2020 முடிவில் உட்கார்ந்து யோசித்திருக்கலாம். அந்த ஆண்டு அவர் ஓடியது 979 கெஜம், ஒரு ஓட்டத்துக்கு 4.0, பந்தை நழுவவிட்டதும் பலமுறை. அன்றைக்கு யாரும் 9 கோடி நீட்டியிருக்க மாட்டார்கள். அவசரப்பட்டுக் கொடுத்த 2019 சீசனும் 8-8 என்றுதான் முடிந்தது.

எலியட் மேல் குற்றமில்லை. முதல் நான்கு சீசன்களில் 1,169 முறை அவர் கையில் பந்தைத் திணித்தார்கள். ஒவ்வொரு முறையும் நூற்றைம்பது கிலோ ஆட்கள் இரண்டு மூன்று பேர் மேலே விழுவார்கள். 2021-இல் முழங்கால் தசைநார் கிழிந்த நிலையிலேயே ஆடினார். தன் உடம்புக்கு விலை இருக்கும்போதே அதைக் கேட்டு வாங்கினார். அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அந்த விலையை அணி எந்த வருடத்துக்குக் கொடுத்தது என்பதே பிரச்சினை. 2016-லும் 2018-லும் அவர் ஓடியதற்கான கூலியை 2021-லும் 2022-லும் கொடுத்தார்கள். 2022-இல் மட்டும் அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பான சாலரி கேப்பில் அவர் பிடித்த இடம் 1.8 கோடிக்கு மேல். ஓடியது 876 கெஜம், ஒரு ஓட்டத்துக்கு 3.8. அதே வருடம், அதே லைனுக்குப் பின்னால், 2019-இல் நான்காம் சுற்றில் எடுத்த போலார்ட் 1,007 கெஜம் ஓடினார், ஒரு ஓட்டத்துக்கு 5.2.

இனி டெட் மணிக்கு, அதாவது போன வீரருக்காகக் கணக்கில் நிற்கும் பாக்கிக்கு, வருவோம். கையெழுத்திடும்போது தரும் சைனிங் போனஸை வீரர் மொத்தமாக வாங்கிக்கொள்வார். அணியோ கணக்கில் அதை அதிகபட்சம் ஐந்து வருடத்துக்குப் பிரித்து எழுதலாம். நடுவில் கேப்பில் இடம் வேண்டும் என்றால் அவர் சம்பளத்தையும் போனஸாக மாற்றி மேலும் தள்ளிப்போடலாம். சீட்டை முதல் மாதமே எடுத்துச் செலவழித்துவிட்டு மீதி மாதமெல்லாம் தவணை கட்டுவது போலத்தான். ஆளை விட்டுவிட்டாலும் எழுதாத பாக்கி கணக்கில் ஏறியே தீரும். எலியட்டை விடுவித்ததில் 2023-இல் சுமார் 58 லட்சமும் 2024-இல் சுமார் 60 லட்சமும் அப்படி ஏறின.

2024 வசந்தத்தில் இன்னொரு நட்சத்திர ரன்னிங் பேக்கான டெரிக் ஹென்றி ஒப்பந்தம் முடிந்து வெளிச்சந்தைக்கு வந்தார். அவருக்கு டாலஸில் வீடு உண்டு, வரவும் தயாராக இருந்தார். கட்டுப்படியாகாது என்பதுதான் கவ்பாய்ஸ் உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸ் சொன்ன காரணம். பால்டிமோர் ரேவன்ஸ் இரண்டு வருடத்துக்கு 1.6 கோடி கொடுத்துக் கூட்டிப்போனது. முதல் வருடம் அவர்கள் கேப்பில் அவர் பிடித்த இடம் சுமார் 51 லட்சம். 2023-லேயே விடுவித்த எலியட்டின் பழைய ஒப்பந்தத்துக்கு டாலஸ் எழுதிய பாக்கி அதைவிட அதிகம். செப்டம்பர் 22 அன்று அதே ஹென்றி ஆர்லிங்டனுக்கு வந்து, நம் மைதானத்தில், 151 கெஜம் ஓடி இரண்டு டச் டவுன் போட்டுவிட்டுப் போனார். நான் அரங்கத்தில் இருந்தேன். மூன்றாவது குவார்ட்டரில் என் வரிசையில் பேச்சே இல்லை. அந்த சீசன் ஹென்றிக்கு 1,921 கெஜம், முப்பது வயதில்.

பக்கத்திலேயே போலார்டை வைத்துப் பாருங்கள். நான்கு வருடம் நான்காம் சுற்று சம்பளம். ஐந்தாவது வருடம், வீரரை ஒரு வருடம் அணியிலேயே பிடித்துவைக்கும் ஃபிரான்சைஸ் டேக் போட்டு 1 கோடிக்குச் சற்று மேல் கொடுத்தார்கள். கால் முறிந்து வந்தவர் 1,005 கெஜம் ஓடினார், பழைய மின்னல் இல்லை. 2024-இல் டென்னசி அவரை அழைத்துக்கொண்டது. டாலஸுக்குப் பாக்கி ஒரு டாலர்கூட இல்லை. ஆட்டத்தை மட்டும் பார்த்தால் எலியட்டின் உச்சம் போலார்டுக்கு எட்டாத உயரம். ஆனால் ஒருவரின் பழைய ஒப்பந்தம் அவரை விடுவித்தபின்னும் இரண்டு சீசன் கணக்கில் நின்றது, மற்றவர் போன அன்றே கணக்கு முடிந்தது.

இந்த அணிக்கு இது தெரியாத பாடமும் அல்ல. 2011-இல் மூன்றாம் சுற்றில் எடுத்த டிமார்கோ மர்ரே, 2014-இல் 392 முறை பந்தேந்தி 1,845 கெஜம் ஓடினார். பெரிய தொகை கேட்டபோது கொடுக்க மறுத்தார்கள். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ஐந்து வருடத்துக்கு 4 கோடிக்கு மேல் பேசி அழைத்துப்போனது. அங்கே மறுவருடம் 702 கெஜம். டாலஸில் அவர் இடத்தில், எல்லோரும் முடிந்துபோனவர் என்று நினைத்த டேரன் மெக்ஃபேடன் 1,089 கெஜம் ஓடினார். டைரன் ஸ்மித், டிராவிஸ் ஃபிரெடெரிக், ஜாக் மார்ட்டின் நின்ற லைன் அது. கெஜத்தில் பாதி அவர்களுடையது என்று இதைவிடத் தெளிவாக எந்தப் பரிசோதனையும் சொல்லாது.

முதல் சுற்று வழியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நான் வாரம் தவறாமல் பார்த்தது ஒரே அணியை. பிஜான் ராபின்சன், ஜமிர் கிப்ஸ் இருவரும் ஆடுவதைப் பார்க்கும்போது என் கொள்கை கொஞ்சம் ஆடத்தான் செய்கிறது. 2023-இல் அட்லாண்டா எட்டாவதாகவும் டெட்ராய்ட் பன்னிரண்டாவதாகவும் எடுத்தன. இருவருமே வெறும் ஓட்டக்காரர்கள் அல்ல, பந்து பிடிப்பதிலும் கைதேர்ந்தவர்கள். ஆனால் முதல் பத்துக்குள் எடுக்கும் ரன்னிங் பேக்குக்கு முதல் நாளே கணிசமான சம்பளம். அதே இடத்தில் லைன்மேனையோ எதிரணியின் பாஸைத் தடுக்கும் கார்னர்பேக்கையோ எடுத்தால் பத்து வருடம் நிற்பார். 2016-இல் எலியட்டுக்கு அடுத்துப் போனவர் கார்னர்பேக் ஜேலன் ராம்சி என்பதை டாலஸ்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

வெளியிலிருந்து வரும் அனுபவசாலிக்கு என் மனதில் இடம் உண்டு, ஒப்பந்தம் குறுகியதாக இருக்கும்வரை. சேகுவான் பார்க்லி 2024-இல் ஈகிள்ஸுக்குப் போய் 2,005 கெஜம் ஓடி, லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலும் வென்றார். மறுவசந்தமே ஒப்பந்தத்தை உயர்த்திக் கொடுத்தார்கள். 2025-இல் அந்த ஓட்டம் வரவில்லை. மறுபக்கம், நீட்டிப்பு வாங்கிய கையோடு 2025-இல் பஃபலோவின் ஜேம்ஸ் குக் லீகிலேயே அதிகம் ஓடினார். அது ஒப்பந்தத்தின் முதல் வருடம். எலியட்டும் நீட்டிப்பு வாங்கிய முதல் வருடத்தில் 1,357 கெஜம் ஓடியவர்தான். குக்கின் மூன்றாவது வருடத்தைப் பார்த்துவிட்டு என் கருத்தை மாற்றிக்கொள்ளவும் தயார்.

என் வழிக்கும் ஓட்டை உண்டு. டிராஃப்டிலேயே யாரும் எடுக்காமல் 2020-இல் டாலஸுக்கு வந்த ரிக்கோ டௌடில், நான்கு வருடம் காத்திருந்து 2024-இல் 1,079 கெஜம் ஓடினார். அவரைக் கரோலினாவுக்கு விட்டுவிட்டார்கள். 2025 அக்டோபரில் எங்களுக்கு எதிராகவே 183 கெஜம் ஓடி ஜெயித்துக் கொடுத்தார். பெரிய ஒப்பந்தம் வேண்டாம் என்பது சரி, சின்ன ஒப்பந்தத்துக்கும் கை வராதது சரியில்லை. இன்னொன்று, பாஸ் பிளாக்கிங், அதாவது பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைக் காப்பது. எதிரணி கூடுதல் ஆட்களோடு பாயும் பிளிட்ஸ் வரும்போது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைப் புதுப் பையன்கள் கற்க ஒன்றிரண்டு வருடம் பிடிக்கும். தப்பினால் அடி விழுவது குவார்ட்டர்பேக்குக்கு. எலியட் கடைசிவரை அதில் கெட்டிக்காரர். தளர்ந்த பிறகும் பயிற்சியாளர்கள் அவரை நம்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனாலும் நடுச் சுற்றுகளில் சரக்கு இருந்துகொண்டேதான் இருக்கிறது. கைரன் வில்லியம்ஸ் ஐந்தாம் சுற்று, பக்கி இர்விங் நான்காம் சுற்று. ஐசாயா பச்சேக்கோ ஏழாம் சுற்றில் 251-ஆவது ஆள், முதல் வருடமே கன்சாஸ் சிட்டியோடு சூப்பர் பௌல் வென்றார். ஒருவர் சோபிக்காவிட்டால் போவது ஒரு நான்காம் சுற்றுத் தேர்வு மட்டும். அவர் உட்கார்ந்துவிட்டால் அடுத்தவர் ஏற்கெனவே முகாமில் இருப்பார்.

ஜாவோன்டே வில்லியம்ஸ் 2025-இல் வந்தது ஒரு வருடத்துக்கு, 30 லட்சத்துக்கு. டென்வரில் முழங்கால் கிழிந்து, பழையபடி ஓட மாட்டார் என்று எழுதப்பட்டவர் ஆயிரம் கெஜத்தை எளிதாகத் தாண்டினார். அப்போது வயது இருபத்தைந்து. என் கையில் விட்டால் அவரோடு மூன்று வருடம் பேசுவேன், உத்தரவாதம் முதல் இரண்டு வருடத்துக்கு மட்டும். போனஸைச் சின்னதாக வைத்து, பணத்தைச் சம்பளமாகவே கொடுப்பேன். மூன்றாவது மார்ச்சில் விடவேண்டி வந்தால் பாக்கி பத்து இருபது லட்சத்தைத் தாண்டக்கூடாது. அவர் அதற்கு மேல் கேட்டால் கை கொடுத்து அனுப்பிவிடுவேன். 2025-இல் ஐந்தாம் சுற்றில் எடுத்த ரன்னிங் பேக் ஜேடன் ப்ளூவுக்கு அந்த வருடம் வாய்ப்பு அதிகம் கிடைக்கவில்லை. அந்த வேகத்துக்கு ஆட்டத்துக்கு எட்டுப் பத்துப் பந்தாவது கொடுத்துப் பார்க்க வேண்டும். ஏப்ரலில் நான்காம் சுற்றிலோ ஐந்தாம் சுற்றிலோ இன்னொருவரை எடுப்பேன், பாஸ் பிளாக்கிங் தெரிந்த பையனாக.

எங்கள் ஃபேன்டஸி லீகிலும் போன வாரம் இதையேதான் செய்தேன். ஜாவோன்டேவுக்கு இரண்டு வருடம் போட்டுக் கையெழுத்திட்டேன். மகனுக்கு இப்போது பதினொன்று. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன், "மூணு வருஷம் போடுப்பா, நல்லா ஓடுறார்ல" என்றான். கவ்பாய்ஸுடன் எலியட் போட்ட பழைய ஒப்பந்தத்தைத் திரையில் திறந்து, 2023-இல் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ இவரு நமக்கு ஆடவே இல்லையே" என்றான்.