கோழி நொண்டுகிறதா? பாதப் புண்ணா, செதில் பூச்சியா?

காசிமேட்டில் எங்கள் மொட்டை மாடியில் நாலு நாட்டுக்கோழிகள். அதில் செவலைப் பெட்டை ஒரு காலைத் தூக்கியே நிற்க ஆரம்பித்ததும், பக்கத்து வீட்டு அக்கா "செதில் பூச்சிதான், எண்ணெய் தடவு" என்றார். பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் மிளகு அளவு கறுப்புப் பொருக்கு; சுற்றிலும் வீங்கி, தொட்டால் சுட்டது. அது பாதப் புண்.

இரண்டையும் குழப்பிக்கொண்டால் வைத்தியம் வீண். புண் அடிப்பாதத்தில் வரும், பல சமயம் ஒரு காலில் மட்டும். உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் குதித்துக் குதித்துத் தோல் கிழிய, ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி உள்ளே போய்ச் சீழ் கட்டுகிறது. செதில் பூச்சியோ மிகச் சிறிய உண்ணி வகை, செதிலுக்கு அடியில் துளைத்துக் குடியிருக்கும். சுண்ணாம்பு அப்பியது போல, பெரும்பாலும் இரண்டு காலிலும் செதில்கள் தூக்கி நிற்கும்.

பூச்சிக்கு வைத்தியம் சுலபம். காலைச் சோப்புத் தண்ணீரில் கழுவி வாசலின் களிம்பு அப்பினால் பூச்சி மூச்சு முட்டிச் சாகும். மூன்று நாலு வாரம், எல்லாக் கோழிக்கும் பூசுங்கள். உட்காரும் கட்டையையும் சுத்தம் செய்யுங்கள். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், தோல் வெந்துவிடும்.

புண்ணுக்குத்தான் பொறுமை வேண்டும். கையுறை போட்டு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்து, பொவிடோன் அயோடின் தடவிக் கட்டுங்கள். தரையில் வைக்கோல் பரப்புங்கள். வீட்டில் பிளேடால் கீறாதீர்கள், பாவம், உயிர் போகிற வலி. வீக்கம் வடியாவிட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.