வளைந்த பாகத்தை மாடலாகச் சேமிப்பது: ஃப்ரீகேடில் என் அனுபவம்

பிளாஸ்டிக் மூடிகளுக்கு ஸ்னாப் ஃபிட் க்ளிப் (அழுத்தினால் வளைந்து கொக்கியாக மாட்டிக்கொள்ளும் நாக்கு) வடிவமைப்பவர்களுக்கு ஒரு தீராத தலைவலி உண்டு. டிசைனில் க்ளிப் எப்போதும் நேராகத்தான் நிற்கும். மூடியை அழுத்தும்போது வளைந்து பக்கத்து ரிப்பில் (பலத்துக்காக வைக்கும் மெல்லிய சுவர்) இடிக்குமா என்பது அதில் தெரியாது. கணினியில் வளைத்துப் பார்க்கும் சிமுலேஷன் படத்தில் வளைவு வண்ண வண்ணமாகத் தெரியும், ஆனால் அந்தப் படத்தை அசெம்பிளிக்குள் (எல்லாப் பாகங்களையும் பொருத்திய மாடல்) கொண்டுபோய் இடைவெளி அளக்க முடியாது. அதனால்தான் வளைந்த வடிவத்தையே தனி மாடலாகச் சேமிக்கும் வசதியைச் சில வருடங்களாக விடாமல் பயன்படுத்தி வருகிறேன்.

வடிவமைப்பு மென்பொருளான சாலிட்வொர்க்ஸின் சிமுலேஷனில் இதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. ரிசல்ட்ஸ் ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, வளைந்த வடிவத்தை இன்னொரு கான்ஃபிகரேஷனாகவோ (அதே பாகத்தின் மாற்று வடிவம்) தனிப் பாகமாகவோ சேமிக்கலாம். வசதிதான், ஆனால் அதற்கு உரிமம் வாங்க வேண்டும். என் சொந்த வேலைகளுக்கு இலவச மென்பொருளான ஃப்ரீகேட் போதுமாக இருக்கிறது.

அதில் வளைவைக் கணக்குப் போடுவது கால்குலிக்ஸ் என்ற சால்வர். ஓடி முடிந்ததும் ஃபெம் மெஷ் (கணக்குக்காகப் பாகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்த வலை), ரிசல்ட் இரண்டையும் சேர்த்துத் தேர்வு செய்து, ஃபெம் மெஷ்ஷைச் சாதாரண மெஷ்ஷாக மாற்றும் கட்டளையைக் கொடுத்தால் வளைந்த மேற்பரப்பு வந்துவிடும். ரிசல்ட்டை விட்டுவிட்டு மெஷ்ஷை மட்டும் தேர்வு செய்தால் பழைய நேரான வடிவமே வரும். திரையில் வளைவைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேல் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக, நுனிப் புள்ளி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்வேன்.

எஸ்டிஎல்லாக (முக்கோணங்களால் ஆன மேற்பரப்புக் கோப்பு) வைத்துக் கண்ணால் பார்ப்பதற்கு இதுவே போதும். சாலிடாக (உள்ளும் நிறைந்த திட வடிவமாக) வேண்டுமென்றால் பார்ட் வொர்க்பெஞ்சில் மெஷ்ஷிலிருந்து ஷேப் உருவாக்கி, சாலிடாக்கி, ரிஃபைன் செய்ய வேண்டும். அசையாமல் பிடித்திருந்த முகம் வளையாததால், அங்கிருக்கும் முக்கோணங்கள் ரிஃபைனில் ஒன்றாகிப் பழையபடி ஒரே தட்டையான முகமாகிவிடும். அசெம்பிளியில் பொருத்த நான் நம்புவது அந்த முகத்தைத்தான். மற்ற இடமெல்லாம் குட்டிக் குட்டி முக்கோணங்கள், அங்கே ஃபில்லட் போட்டு ஓரத்தை வளைவாக்க நினைப்பதே வீண். மெஷ் நுணுக்கமாக இருந்தால் கணினி திணறும் என்பதால், நுனியிலும் அடிவேரிலும் மட்டும் நுணுக்கமாக வைத்து மற்ற இடங்களில் பெரிதாக விடுகிறேன்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று இருக்கிறது. 40 மிமீ நீளம், 2 மிமீ தடிமன் உள்ள க்ளிப் ஒன்றின் நுனியை 8 மிமீ தள்ளுகிறோம் என்று வையுங்கள். அடிவேரில் ஸ்ட்ரெய்ன் (பொருள் இழுபடும் விகிதம்) ஏறக்குறைய 1.5 சதவீதம், ஏபிஎஸ் பிளாஸ்டிக் கொஞ்ச நேரத்துக்குத் தாங்கிக்கொள்ளும். ஆனால் வளைவு மிகச் சிறியது என்று எடுத்துக்கொள்ளும் லீனியர் கணக்கில் ஒவ்வொரு புள்ளியும் நேர்கோட்டில்தான் நகர்கிறது. நிஜத்தில் வளையும் க்ளிப்பின் நுனி அடியை நோக்கிச் சற்றுப் பின்வாங்கும். இந்த அளவுக்குக் கிட்டத்தட்ட 1 மிமீ. லீனியர் மாடலில் அந்தப் பின்வாங்கல் இருக்காது, க்ளிப் நீண்டுபோய் நிற்கும். வெறும் படமாக இருக்கும்வரை இது யார் கண்ணிலும் படாது. மாடலாகச் சேமித்து அதன்மேல் அளவெடுக்கும்போது கொக்கி இருக்கும் இடமே தப்பாகிவிடும். எனவே வளைவு தடிமனைத் தாண்டினால், சால்வர் அமைப்பில் பெரிய வளைவையும் சரியாகக் கணக்கிடும் ஜியோமெட்ரிக்கல் நான்லீனியருக்கு மாற்றாமல் நான் சேமிப்பதில்லை. கணக்கு மெதுவாகும், பரவாயில்லை.

சேமித்த வடிவம் மூலப் பாகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதது. தடிமனை மாற்றினால் அது தானாக மாறாது; கணக்கை மறுபடி ஓட்டி, மறுபடி மாற்ற வேண்டும். கோப்பின் பெயரிலேயே பொருள், தள்ளிய தூரம், மூலப் பாகத்தின் பதிப்பு எண் மூன்றையும் எழுதி வைக்கிறேன். கூட வேலை செய்பவர்களிடமும் இதைக் கறாராகச் சொல்லிவிடுவேன். எந்த விசைக்கு வளைந்தது என்று தெரியாத மாடலை அசெம்பிளியில் விடுவது ஆபத்து.

இடைவெளி பார்ப்பதற்கு அப்புறம் எனக்கு அதிகம் உதவியது ஜிக் (பாகத்தைப் பிடித்து வைக்கும் அச்சு) செய்வதில். க்ளிப்பை வளைத்தபடியே பிடித்து வைக்கும் ஜிக்கின் உள்வடிவத்தை, சேமித்த மாடலைக் குறிப்பாக வைத்து அதன்மேல் புதிதாக ஸ்கெட்ச் வரைந்து எடுக்கிறேன். முக்கோண மேற்பரப்பை அப்படியே வெட்டுவதைவிட இது சுத்தமாக வரும்.

இடைவெளியை அடைக்கும் ரப்பர் கேஸ்கெட்டுக்கு மட்டும் இந்த வழி வேண்டாம். சாதாரண எலாஸ்டிக் பொருளாக வைத்து அழுத்திப் பார்க்கும் வடிவத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. கனஅளவு மாறாமல் குறுக்குவெட்டைக் கையால் வரைந்துகொள்கிறேன்.