எல்இடி பல்பா, ஹாலஜனா: எஃப்.சி.க்குப் போகும் காரில் எது நிற்கும்?

என் வேகன்ஆர் 2010 மாடல். பதினைந்து வருடம் முடிந்து, பதிவைப் புதுப்பிக்க 2025-இல் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்டப் போனேன். டயர், பிரேக், புகைச் சான்று எல்லாம் சரியாக இருந்தது. வண்டியைச் சுற்றி வந்த பிரேக் இன்ஸ்பெக்டர் ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். எதிரே போய் நின்று பார்த்தவர், "பல்பை மாத்திட்டு வாங்க சார்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கு எட்டு மாதம் முன்புதான் எல்இடி பல்பு போட்டிருந்தேன். அதன் பிறகு கழற்றி, மாட்டி, சுவரில் அடித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கம்பெனியிலிருந்தே எல்இடி விளக்கோடு வந்த கார்களுக்கு இது பொருந்தாது. எச்4 ஹாலஜன் பல்பு போடும் பழைய கார்க்காரர்களுக்கு மட்டும்.

இருக்கும் வழிகள் ஐந்து. இரண்டை உடனே தள்ளிவிடலாம். 100/90 வாட் பல்பு வேண்டாம். எச்4-க்கு உரிய அளவு 60/55 வாட் (பிரைட்டில் 60, டிம்மில் 55). காரின் வயரும் சுவிட்சும் அந்தச் சுமைக்குத்தான் போடப்பட்டவை. அதற்கு மேல் இழுத்தால் ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் பூச்சு கருகும். எச்ஐடி (செனான் வாயு பல்பு) கிட்டும் வேண்டாம். போட்டவுடன் முழு வெளிச்சம் வராது, சில விநாடி ஆகும். எதிரில் வருபவருக்கு அதன் கூச்சம் எல்இடியைவிட மோசம். மிச்சம் இருப்பவை மூன்று: எல்இடி பல்பு, புரொஜெக்டர் மாற்றம் (விளக்குக்குள் லென்ஸ் பொருத்துவது), இருக்கிற ஹாலஜனையே சரியாக வைத்துக்கொள்வது. நான் கடைசியாகச் சொன்னதில் வந்து நின்றேன்.

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019-இல் வந்த திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். "ஆர்சி புக்ல ஹெட்லைட்டைப் பத்தி ஒரு வரியும் கெடையாது சார், எவனும் கேக்க மாட்டான்" என்று எனக்கு பல்பு விற்றவர் சொன்னார். ஆர்சியில் இல்லைதான். ஆனால் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி இருக்கிறது. முன்விளக்கின் ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும், அல்லது ஓட்டுபவர் கீழே இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒருவர் கண்ணைக் கூசச் செய்யக்கூடாது. எதிரில் பைக்கில் வருபவரின் கண் ஏறக்குறைய அங்கேதான் இருக்கும். பிரேக் இன்ஸ்பெக்டர் எனக்கு எதிரே வந்து நின்று பார்த்ததும் அதைத்தான்.

எல்இடி பல்பு தோற்றுப்போன இடமும் அதுதான். எத்தனை லூமென், எத்தனை கெல்வின் என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை விடுங்கள். வெளிச்சம் எந்தப் புள்ளியிலிருந்து கிளம்புகிறது என்பதைப் பாருங்கள். எச்4 பல்பைக் கையில் எடுத்தால் உள்ளே இரண்டு இழைகள் தெரியும். டிம் இழைக்கு அடியில் சின்ன உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். கீழே போகும் ஒளியை அது தடுத்துவிடும். அதனால் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் ஒளி பட்டு, அங்கிருந்து சாலையை நோக்கிக் கீழே திரும்பும். சுவரில் அடித்துப் பார்த்தால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவில் ஒரு கோடு. அந்தக் கோடு வலப்பக்கம் தாழ்ந்து நிற்கும், இடப்பக்கம் சற்று ஏறி நம் ஓரத்து ஆளையும் மைல்கல்லையும் காட்டும். இந்த ஏற்பாடு முழுக்க, இழை மில்லிமீட்டர் பிசகாமல் அதன் இடத்தில் இருந்தால்தான் வேலை செய்யும்.

எல்இடி பல்பில் இழை இல்லை. தடித்த உலோகத் தகட்டின் இருபக்கமும் சில்லுகள் ஒட்டியிருக்கும். கிண்ணத்தையும் பாவனைக்கு வைத்திருப்பார்கள். ஆனால் ஒளி கிளம்பும் இடம் விலகிவிடுகிறது. என் காரில் டிம் போட்டுச் சுவரில் பார்த்தபோது கோடே இல்லை. மேலும் கீழும் ஒரே வெள்ளை. டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் அருமையாகத்தான் தெரிந்தது, எட்டு மாதம் நானும் அதில்தான் ஏமாந்தேன். காருக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் பளபளவென்று தெரிந்தால், கண் அதற்குப் பழகி, தொலைவில் இருப்பதைக் கோட்டைவிடுகிறது.

மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் திரும்பிய ஒரு ராத்திரி எனக்கு இன்னும் மறக்கவில்லை. அறுவடை நேரம், பாதி ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தார்கள். எதிரே ஒரு பைக். கணவன், மனைவி, நடுவில் குழந்தை. நான் டிம்மில்தான் வந்தேன். அவர் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தார், வண்டி தடுமாறி நெல்லில் ஏறி நின்றுவிட்டது. யாருக்கும் அடியில்லை. இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "லைட்டப் பாத்துப் போடுங்க அண்ணே" என்றார், அவ்வளவுதான். அன்றைக்கே கழற்றியிருக்க வேண்டும். கழற்றாமல் விட்டது என் தவறு.

ஐரோப்பாவில் எல்இடி மாற்றுப் பல்புக்கு அனுமதி கிடைத்திருக்கிறதே என்று கேட்பார்கள். கிடைத்தது உண்மை. ஜெர்மனியில் 2020-இல் ஆஸ்ரம் நிறுவனத்தின் ஒரு பல்புக்குச் சாலை அனுமதி கொடுத்தார்கள். ஆனால் குறிப்பிட்ட கார்களின் குறிப்பிட்ட விளக்குகளில் சோதித்து, பட்டியல் போட்டுக் கொடுத்த அனுமதி அது. நம் ஊர்க் கடையில் எந்த வண்டிக்கும் ஒரே பெட்டியை எடுத்து நீட்டுகிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

புரொஜெக்டரைப் பற்றி என் சொந்த அனுபவம் குறைவு. மைத்துனர் தன் வண்டியில் போட்டிருக்கிறார், இரண்டு முறை ஓட்டினேன். கோடு கத்தியால் வெட்டியதுபோல் விழுகிறது, எதிரில் வருபவரும் ஹார்ன் அடிப்பதில்லை. வெளிச்சத்தில் மூன்றில் முதலிடம் அதற்குத்தான். ஆனால் விளக்கைச் சூடாக்கிப் பிரித்து உள்ளே பொருத்த வேண்டும். ஒரு மழைக்காலம் போனதும் அவர் விளக்கின் உள்பக்கம் நீர்த்துளி படிந்துவிட்டது. பிரித்த விளக்கை ஒப்புதல் பெற்ற அதே விளக்கு என்று சொல்லவும் முடியாது. அவர் வண்டிக்கு எஃப்.சி. காட்ட இன்னும் வருடங்கள் இருக்கின்றன.

இனி ஹாலஜன். "மங்கலா எரியுது" என்று எல்லாரும் பல்பின் மேல் பழி போடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆட்டோ எலக்ட்ரிஷியன் மீட்டரை எடுத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் பார்த்தார்: 13.8 வோல்ட். பல்பு ஹோல்டரில் 12.2 தான் இருந்தது. பதினைந்து வருட வயரிலும் சுவிட்சிலும் 1.6 வோல்ட் காணாமல் போயிருந்தது. இழை பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் வேகமாக விழும். பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். என் காரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிச்சம் வயரிலேயே கரைந்துகொண்டிருந்தது. கூடவே, வெயில் பட்டு மஞ்சளித்த பிளாஸ்டிக் முகப்பு வேறு.

ஆகவே மூன்று வேலை செய்தேன். பேட்டரியிலிருந்து நேராக ஃபியூஸ் வைத்து ரிலே (சுமையைச் சுவிட்சில் ஏற்றாமல் விளக்குக்கு மின்சாரம் விடும் சின்னப் பெட்டி) வயரிங் போட்டேன், 900 ரூபாய். அதே மாடலுக்கான புதிய ஹெட்லைட் அசெம்பிளி, இரண்டுக்கும் சேர்த்து 4,400. நல்ல 60/55 வாட் பல்பு ஒரு ஜோடி 1,300. எல்இடிக்குக் கொடுத்த 2,800-ஐவிட இது இரண்டு மடங்குக்கும் மேல்தான். மறுபடி மீட்டர் வைத்தபோது ஹோல்டரில் 13.4 வோல்ட். வாட் ஏறவில்லை, பல்பு வகை மாறவில்லை; அடுத்த வாரம் அதே இன்ஸ்பெக்டர் எதிரே நின்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் கண்ணால்தான் பார்த்தார். தானியங்கிச் சோதனை நிலையங்களில் கருவி வைத்தே கோணமும் ஒளியும் அளக்கிறார்கள். அங்கே நான் வண்டி காட்டியதில்லை. ரிலே வேலையை மட்டும், வாரண்டி முடியாத வண்டியில் செய்யாதீர்கள். வயரை வெட்டினால் சர்வீஸ் சென்டரில் பேச்சுக்கு இடம் இருக்காது.

மழையில் ஹாலஜனின் மஞ்சள் ஒளி என் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் நாலுவழிச் சாலையில் நூறில் போகிறவர்களுக்கு இது இன்னமும் போதாமல் தோன்றலாம். பல்பின் ஆயுளும் எல்இடி அளவுக்கு வராது. டேஷ்போர்டில் ஒரு மாற்றுப் பல்பு வைத்திருக்கிறேன்.

எதைப் போட்டாலும் எஃப்.சி.க்கு முன் வீட்டுச் சுவரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், தரை சமமாக இருக்கட்டும். சுவரிலிருந்து 5 மீட்டரில் நிறுத்தி, விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். டிம் போட்டால் வெளிச்சக் கோடு அந்தக் குறிக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். விளக்கின் பின்னால் உள்ள திருகைத் திருப்பி அதைச் சரிசெய்யலாம். பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் இரண்டு அரிசி மூட்டையும் ஏறினால் பின்பக்கம் தணிந்து மூக்கு தூக்கும், கோடும் மேலே ஏறும். ஸ்டியரிங் பக்கத்தில் விளக்கை இறக்கும் சக்கரம் பல கார்களில் இருக்கிறது. சுமை ஏற்றியதும் அதைத் திருப்பி இறக்குங்கள், சுமை இறங்கியதும் பழையபடி 0-க்குக் கொண்டுவாருங்கள்.